ஏழு நிமிடம் முந்தி வந்த உச்சி

மேடையில் பேசிக்கொண்டிருக்கும் பிரதம விருந்தினர் ஒருவரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறிக்கலாமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. பறிக்கக் கூடாது என்றுதான் நான் வளர்ந்தேன். பெரியவர்கள் கதைக்கும்போது இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருகிறவள் நான். ஆனால் ஒருமுறை பறித்திருக்கிறேன். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வான்நோக்கு வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. மகனுக்கு ஒன்றரை வயதாகிறது, இரண்டாவது பிள்ளை தை மாதம் வரப்போகிறது. ஆகவே பொறுப்பை உங்களிடம் தந்துவிட்டுக் கொஞ்சக் காலம் ஒதுங்குகிறேன். தொலைநோக்கியை எப்படிப் பூட்டுவது, கண்ணாடியை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் அலுமாரியில் உள்ள நீலக் கொப்பியில் இருக்கிறது. நான் எழுதப்போவது அந்தக் கொப்பியில் இல்லாத ஒரு விடயம்.

போன வருடம் ஆவணியில் நடந்தது.

நம் நாட்டுக்கு மேலே சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நேர் உச்சியில் வந்து நிற்கும். சித்திரை வருடப்பிறப்புக்குச் சற்று முன்னர் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. அந்த நாளில், அந்த நிமிடத்தில், நேராக நிற்கும் எதற்கும் நிழல் இல்லை. கம்பத்தின் நிழல் கம்பத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தொலைநோக்கி வேண்டாம், இருட்டு வேண்டாம், ஒரு குழாயும் வெயிலும் போதும். வாழைச்சேனையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலையின் மைதானத்தில், வாவிக்கரைப் பக்கமாக, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று வட்டத்தில் முடிவு செய்தோம்.

அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருந்தது. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை, பொழுது பட்டதும் ஒரு மணித்தியாலம் வானம் காட்ட வேண்டும் என்று நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண் பிள்ளைகள் வாவிக்கரையில் விளையாடிவிட்டு இருட்டியபின் வீடு போகிறார்கள். நட்சத்திரங்களை அவர்கள் தாமாகவே பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகளின் வானம் நாலரை மணியோடு முடிந்துவிடும். அதிபர் நல்ல மனிதர், ஆனால் கவனமானவர். "பெற்றார் ஓம் எண்டா எனக்கு ஓம், டீச்சர்" என்று சொல்லிவிட்டார். பெற்றார் என்றால் கலாக்கா. பெற்றார் சங்கத்தின் செயலாளர். மூன்று பெண் பிள்ளைகளின் தாய். சந்தியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். கடைக்கு வருகிற எல்லாத் தாய்மாரும் கலாக்கா சொல்வதைத்தான் கேட்பார்கள்.

சங்கக் கூட்டத்தில் நான் விளக்கியதும் கலாக்கா கேட்டார்:

"நிழலப் பாக்கிறதுக்கு உச்சி நேரத்தில பிள்ளையள வெயிலுக்க நிப்பாட்டப் போறீங்களோ? நிழல் எங்கட வீட்டுக்குள்ளயே கிடக்கு, டீச்சர். ஆறுதலா இருந்து பாக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். உச்சிப் பொழுதில் பிள்ளைகளை வெளியில் விடுவது எங்கள் பக்கத்தில் ஆகாத காரியம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மரத்தடியில் நின்றால் ஏதாவது பட்டுவிடும், காய்ச்சல் வரும் என்பார்கள். நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கே ஆறு மாதக் கைப்பிள்ளை இருந்தான்.

"நிழல் இல்லாமப் போறதத்தான் பாக்கப் போறம், அக்கா" என்றேன்.

"இல்லாமப் போறத என்னெண்டு பாக்கிற?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, நானும் வாறன். பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகாட்டி, நீங்க சொன்னது சொன்னபடி நடந்தா, மத்தக் கதையக் கதைப்பம்" என்றார்.

மற்றக் கதை என்றால் பெண் பிள்ளைகளின் மாலை. ஆகவே நான் சொன்னது சொன்னபடி நடந்தே ஆக வேண்டும்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். பத்திரிகையில் சூரியன் உச்சம் கொடுக்கும் செய்தி வந்திருந்தது. அந்த நாளில் எந்த எந்த ஊர்களுக்கு நேர் மேலே வரும் என்று மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஊர்ப் பெயர்கள் இருந்தன. நம் பக்கத்து ஊரும் இருந்தது. நேரம் பன்னிரண்டு பதினொன்று என்று போட்டிருந்தது. நான் அதை அப்படியே சுவரொட்டியில் எழுதினேன். அந்த நேரம் வரிசையில் முதலாவதாக இருந்த மேற்குக் கரை ஊருக்கு உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. சூரியன் முதலில் நமக்கு வந்து, பிறகுதான் தீவைக் கடந்து அங்கே போகிறது என்பதை நான் எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். படிப்பிக்கிறதும் தெரிந்திருக்கிறதும் ஒன்றல்ல போலிருக்கிறது.

முதல் நாள் ஒரு ஒத்திகை பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஒரு குழாயை நட்டு, நிழல் எப்போது ஆகக் குறைகிறது என்று பார்த்திருந்தால் போதும். ஒரு நாள் வித்தியாசத்தில் நேரம் மாறாது. ஆனால் முதல் நாள் மகனுக்கு ஆறாம் மாதத் தடுப்பூசி. போகும் வழியில் கடை வாசலில் நின்ற கலாக்காவிடமும் ஊசி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கிளினிக்கில் வரிசை நீளம். ஊசி போட்டபின் அவன் அழுத அழுகையில் எனக்குச் சூரியன் எங்கே நின்றது என்றே நினைவில்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நான் வராவிட்டாலும் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது. அதுதான் உண்மை.

அன்று காலையில் இரண்டு தரம் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கணவர் வேலைக்குப் போகவேண்டி இருந்ததால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போனேன். வாகை மரத்துக்குக் கீழே விரித்திருந்த பாயில் கலாக்கா குடையோடு உட்கார்ந்திருந்தார். நானும் மகனோடு அங்கே போய் நிழலில் நின்றேன். மரத்தடியில் உச்சி நேரத்தில் ஆறு மாதப் பிள்ளை! அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

"தாயே இப்பிடியெண்டா மத்தவங்களுக்கு என்னத்தச் சொல்லுற?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படியாகத்தான்.

மைதானத்தில் பிள்ளைகள் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மீற்றர் குழாய். அதை மணல் வாளியில் நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக்கி, அடியில் வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். சூரியனை நேரே பார்க்கக்கூடாது, தாளை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன். மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று தாளைப் பறிக்க, அதற்கு மேலே செருப்பு வைத்தார்கள். பிரதம விருந்தினர் கல்விக் காரியாலயத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஒலிவாங்கியைப் பிடித்தார். பதினைந்து நிமிடம் பேசுவார், பிறகு ஒரு நிமிடத்தில் நிழல் மறையும் என்று நிகழ்ச்சிநிரல் போட்டது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பரீஹா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

பரீஹாவின் ஊர் ஓட்டமாவடி. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். அப்போது அவள் வட்டத்தில் சேர்ந்து மூன்று கிழமைதான்.

"சுகி, ஒண்டு கேக்கவா? இந்தப் பன்னிரண்டு பதினொண்டு நம்மட பக்கத்து நேரந்தானா?"

"பேப்பர்ல இருந்தது. ஏன்?"

"எங்கட ஊட்டுக் கலண்டர்ல இண்டைக்கு லுஹர் பன்னிரண்டு ஆறுக்கு. சூரியன் உச்சியில இருந்து சாஞ்சாத்தானே லுஹர் தொழலாம்? அப்ப உச்சி அதுக்கு முந்தியெல்லோ வரணும்? என்ட மதினி மேற்குக் கரையில, புத்தளத்தில இரிக்கா. இஞ்ச பாங்கு சொன்ன பொறகு கோல் எடுத்தா, 'எங்களுக்கு இன்னும் சொல்லல்ல' எண்டுவா."

மகனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"இத எப்ப கண்ட நீ?"

"சுவரொட்டி வந்த அண்டைக்கே கண்டன். நான் புதுசு. நீங்கெல்லாம் பாத்துக் கணக்குப் போட்டுத்தானே எழுதியிருப்பீங்க எண்டு இருந்துட்டன்."

அவள் கேட்கக் கூச்சப்பட்டாள், நான் கேட்கக் கூச்சப்பட்டேன். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் சூரியன் வந்துகொண்டிருந்தது.

பத்திரிகையா, கலண்டரா? யார் சொல்வதை நம்புவது என்று ஒரு கணம் நின்றேன். பிறகுதான், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் காலடியிலேயே இருக்கிறார் என்று புரிந்தது. மகனை இடுப்பில் வைத்தபடியே முதல் வாளிக்குப் பக்கத்தில் குனிந்தேன். ஒரு மீற்றர் குழாயின் நிழல் உச்சியை நெருங்கும்போது நாலு நிமிடத்துக்கு ஒரு விரல் அகலம் குறையும். சுவரொட்டியில் நான் எழுதிய நேரம் சரியென்றால் அந்த நேரம் நிழல் ஏறக்குறைய மூன்று விரல் இருக்க வேண்டும். விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல்.

குழாய் சரிந்திருக்குமோ? நூலைப் பார்த்தேன். நேர். அடுத்த வாளிக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு விரல். மூன்றாவதிலும் அதே. மூன்று குழாயும் ஒரே அளவுக்குச் சரிய முடியாது. பரீஹாவின் வீட்டுக் கலண்டர் சரி. மிச்சம் நாலு நிமிடம்கூட இல்லை.

விருந்தினர் அப்போது பண்டைக்கால மனிதனில் நின்றார். விண்வெளி யுகத்துக்கு வர இன்னும் எத்தனையோ நூற்றாண்டு இருந்தது.

அதிபரிடம் போனேன். "சேர், நேரம் பிழை. இப்பவே நிழல் போகப்போகுது. பேச்சை நிப்பாட்டணும்."

அவர் மேடையைப் பார்த்தபடி, உதட்டை அசைக்காமல் சொன்னார்: "பிரதம விருந்தினர், டீச்சர். முடியட்டும்."

"முடிஞ்சா நிழல் திரும்பி வந்திடும், சேர்."

"இருங்க, டீச்சர். இருங்க."

நான் இருந்தேன். ஒரு முழு நிமிடம் இருந்தேன். அந்த நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதை எழுதினால் தாள் போதாது. பேசாமல் விட்டால் என்ன? ஏழு நிமிடம் தாமதமாகப் பார்த்தால் இரண்டு விரல் நிழல் இருக்கும். 'கிட்டத்தட்ட இல்லைத்தானே பிள்ளைகள்' என்று சொல்லிச் சமாளிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் கலாக்கா சொல்வார். இல்லாமல் போகும் என்று சொன்ன நிழல் அவர் கண் முன்னால் தாளில் படுத்துக் கிடக்கும். ஆயிரம் தரம் நான் 'வானத்தை நம்புங்கள்' என்று சொன்னாலும் இனி யாரும் தன் பெண் பிள்ளையை என்னோடு இருட்டில் விடமாட்டார்கள்.

மறுபடி குனிந்து பார்த்தேன். அரை விரல்.

மகனைக் கலாக்காவின் மடியில் வைத்தேன். "அக்கா, ஒருக்காப் பிடிங்க" என்றேன். அவர் வாய் திறக்குமுன் மேடைக்குப் போய்விட்டேன். "மன்னிக்கணும், சேர்" என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை என்கிறாள் பரீஹா. பறித்தேன் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

"பிள்ளைகள், எழும்புங்க! இப்ப! தாளப் பாருங்க! நிழலப் பாருங்க!"

எண்பது பிள்ளைகளும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

அதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? நிழல் சட்டென்று மறையாது. மெலிந்து, குழாயின் அடியோடு ஒட்டி, ஒரு கோடாகி, பிறகு எங்கே போனது என்று தெரியாமல் போகும். குழாயின் உள்ளே வெயில் நேராக இறங்கி, அடியில் உள்ள மணலில் வட்டமாக ஒரு வெளிச்சம் வைத்தது. "டீச்சர், காசு மாதிரி இருக்கு!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். சிலர் தங்கள் நிழலைத் தேடினார்கள். நிழல் இருந்தது, ஆனால் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. அதை மிதிக்காமல் நடக்கப் பார்த்து விழுந்து சிரித்தார்கள். நேராக நின்ற வலைப்பந்துக் கம்பத்துக்கு நிழல் இல்லை. அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்தார். விருந்தினரும் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வருவதா, ஆச்சரியம் வருவதா என்று இரண்டும் போட்டி போட்டது தெரிந்தது.

"மனே, பாருடா, உன்ட குழாய்க்கு நிழலக் காணல்ல!" இது கலாக்காவின் குரல். குடையை எறிந்துவிட்டு, என் மகனைத் தூக்கிக்கொண்டு, நடு வெயிலில் ஒரு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

சிறிது நேரத்தில் தாளின் மறுபக்கத்தில், கிழக்கே, ஒரு மெல்லிய கோடு தலை காட்டியது. அதே நேரம் பாலத்துக்கு அப்பாலிருந்து பாங்கு கேட்டது. பரீஹா என்னைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்குமுன் சொல்லவேண்டியதைச் சொன்னேன். சுவரொட்டியில் போட்ட நேரம் பிழை, அது மேற்குக் கரையின் நேரம், நான் சரிபார்க்காமல் எழுதினேன், அதைக் கண்டுபிடித்தது பரீஹா டீச்சர், அவர் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் எல்லாரும் ஒரு பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருப்போம். கடைசி வசனத்தை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். கூட்டம் சிரித்தது, விருந்தினர் சிரிக்கவில்லை. அவருக்கு நான் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நாலு தரம் கிழித்து ஐந்தாம் தரம் எழுதியது. அதிபர் என்னோடு இரண்டு கிழமை அளவாகத்தான் கதைத்தார்.

ஆனால் என் மனம் முழுக்கக் கலாக்காவிடம் இருந்தது. அவர் மகனைத் திருப்பித் தந்தபோது, "பிள்ளைக்குத் தலையில வெயில் பட்டிட்டு" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு மகனின் உடம்பு சுட்டது.

வெப்பமானியை இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். ஊசி போட்டால் சுடும் என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் அவனை மடியில் வைத்துக்கொண்டு, 'வெயிலில் கொண்டுபோயிருக்கக் கூடாதோ, மரத்தடியில் விட்டிருக்கக் கூடாதோ' என்று நினைத்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஐந்து மணிக்குக் கைத்தொலைபேசி அடித்தது. கலாக்கா.

"பிள்ள என்ன மாதிரி?"

இந்த இடத்தில் நான் 'நல்ல சுகம், அக்கா' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெண் பிள்ளைகளின் மாலை அந்த ஒரு சொல்லில் இருந்தது. உச்சி நேரத்தில் கொண்டுபோன டீச்சரின் பிள்ளைக்கே காய்ச்சல் என்றால் அந்தக் கதை மறுநாள் விடியுமுன் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் பரிமாறப்பட்டிருக்கும்.

"சுடுது, அக்கா" என்றேன். "நூறுக்கு மேல."

அந்தப் பக்கம் தாச்சியில் ஏதோ பொரிந்தது.

"நேத்தெல்லோ ஊசி போட்ட?" என்றார் கலாக்கா.

"ஓம்."

"அப்ப அதுதான். என்ட மூண்டுக்கும் அடுத்த நாள்தான் சுட்டது. கிளினிக்கில தந்த மருந்தக் குடு. பால மட்டும் நிப்பாட்டாத. நீ ஏன் புள்ள அழுறாய்?"

நான் அழுதது எனக்கே தெரியவில்லை. எப்போதும் டீச்சர் என்று கூப்பிடுகிறவர் புள்ள என்று கூப்பிட்டதும் தெரியவில்லை. பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது.

"இஞ்ச பார். மைக்கப் பிடிச்சுத் தன்ட பிழையச் சொன்ன ஆள நான் இந்த ஊரில இண்டைக்குத்தான் கண்டன். இப்பயும் பொய் சொல்லாம காய்ச்சல் எண்டு சொல்லுறாய். உன்னட்டப் பிள்ளைய விட்டா, ஒண்டு நடந்தா மறைக்கமாட்டாய். எனக்கு அதுதான் தேவை. நிலாக் காட்டுற நாளச் சொல்லு. மூத்தவள அனுப்புறன்." பிறகு, "நானும் வருவன். எல்லாத் தாய்மாரும் வருவம். அப்பிடியெண்டாத்தான்" என்றார்.

மகனுக்கு அடுத்த நாள் காலையில் சூடு விட்டுவிட்டது.

புதியவர்களே, இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டது, ஒத்திகை பார்க்காமல் எந்த நேரத்தையும் அறிவிக்காதீர்கள் என்பது. பிழை கண்டால் சேர்ந்து மூன்று நாள்தான் ஆனாலும் சொல்லுங்கள். பரீஹா இப்போது என்னை ஒரு வசனம்கூட முடிக்க விடுவதில்லை, அதனால் நாங்கள் நன்றாக இருக்கிறோம். பிழை விட்டால் விட்ட இடத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபின் என்ன நடக்கும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. எனக்குக் கலாக்கா வாய்த்தார்.

இனி நீங்கள் கையேற்கப்போகும் மாலையைப் பற்றி. ஒரு வருடமாக ஒவ்வொரு மாதமும் வளர்பிறையில், மாலை மகரிப் தொழுகை முடிந்து பரீஹா பாலம் தாண்டி வந்ததும், மைதானத்தில் தொலைநோக்கியை வைக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு தாய் என்பது ஒப்பந்தம். முதல் மாலையில் பதினாறு பெண் பிள்ளைகளும் இருபத்திரண்டு தாய்மாரும் வந்தார்கள். கணக்கு எப்படி இடித்தது என்று கேட்காதீர்கள். சிலருக்குப் பிள்ளை ஒரு சாட்டு. கலாக்கா கண்ணை வைத்து நிலாவைப் பார்த்ததும், "அட, எங்கட ஒழுங்கை ரோட்ட விட மோசமாக் குழி விழுந்து கிடக்கு!" என்றார். பிறகு எழும்பவில்லை. "அம்மா, எனக்கு!" என்று மகள் முதுகில் தட்டினாள். "பொறு, இந்த ஓரத்தில ஒரு மல தெரியுது" என்றார்.

அன்றிலிருந்து இதே கதைதான். பலகாரப் பெட்டியோடு, கைக்குழந்தையோடு, தாய்மார் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். தங்கள் பிள்ளைப் பருவத்தில் நாலரை மணியோடு வீட்டுக்குள் போனவர்கள். அவர்களை எழும்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பெண் பிள்ளைகள் பின்னால் நின்று, "டீச்சர், எங்கட முறை எப்ப?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம். இருப்பது ஒரு தொலைநோக்கி, ஒரு மணித்தியாலம், ஒரு நிலா.

பரீஹா நேரம் பிடித்து மணி அடித்துப் பார்த்தாள், மணியை ஒளித்துவிட்டார்கள். தாய்மாருக்கென்று வேறு நாள் வைத்தோம், இரண்டு நாளும் வந்தார்கள். வேறு ஊர்களில் வானம் காட்டுகிற யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: முப்பது வருடம் காத்திருந்து நிலாவைப் பார்க்க வந்த ஒரு தாயை, அவர் மனம் நோகாமல், அவருடைய மகளுக்காக எப்படி எழுப்புவது?